சிட்டியின் வலுவும் நல்லூரின் கேள்வியும்

2017 மார்ச் மாத இறுதியில் யாழ்ப்பாணம் நல்லூரில் ஒரு கவனயீர்ப்புப் போராட்டம் நடைபெற்றது. காணி விடுவிப்பு, காணாமலாக்கப்பட்டோர் என்று போருக்குப் பின் குடாநாடு கண்ட போராட்டங்கள் பல. இதுவோ ஒரு நடிகரின் பயணம் தொடர்பானது. லைக்காவின் ஞானம் அறக்கட்டளை, போரினால் இடம்பெயர்ந்தோருக்காக வவுனியாவில் 150 வீடுகளைக் கட்டியிருந்தது. அவற்றைக் கையளிக்க ரஜினிகாந்த் ஏப்ரலில் வருவதாக இருந்தது. வைகோ, திருமாவளவன், வேல்முருகன் ஆகியோர் போகவேண்டாம் என்று கேட்டுக்கொண்டனர். மார்ச் 25இல் அவர் பயணத்தைக் கைவிட்டார். வருகையைத் தடுத்த தமிழகத் தலைவர்களைக் கண்டித்தே நல்லூரில் மக்கள் கூடினர்.

அப்போது ரஜினிகாந்துக்கு வயது 66. முல்லைத்தீவில் பிறந்த சுபாஸ்கரனின் லைக்கா தயாரித்த ‘2.0’ திரைப்படத்தில் அவர் நடித்துக்கொண்டிருந்த காலம் அது. திரையில் வானளாவ வளரும் ஒரு நாயகனுக்கு, திரைக்கு வெளியே பாக்கு நீரிணையைக் கடக்க இயலவில்லை. மூப்படையும் நாயகன் தொடர்ச்சிக் கதைகளில் வலுவோடு நிற்கிறானா என்ற கேள்வியை இந்தப் பின்னணியில் நோக்குவது பொருத்தமானது.

தமிழ் அறிவியல் புனைகதையில் இக்கேள்விக்கு ஒரு முன்வரலாறு உண்டு. எண்பதுகளில் சுஜாதா எழுதிய ‘என் இனிய இயந்திரா’வில் ஜீனோ என்றோர் இயந்திர நாய் வருகிறது. ‘மீண்டும் ஜீனோ’வில் அது திரும்பி வந்தது. ஜீனோவின் வலு உடம்பில் இல்லை. அது நூல்களை வாசிக்கிறது, வாதிடுகிறது. சிறிய உருவத்தை வைத்துக்கொண்டு பெரிய அதிகாரத்தைக் கேள்வி கேட்பதே அதன் வீரம். 2008இல் காலமான சுஜாதாவுக்கு ‘எந்திரன்’ திரைக்கதையிலும் பங்கிருந்தது. ‘2.0’ படத்தில் பெண் இயந்திரத்துக்கு நிலா என்று பெயர். ஜீனோ கதையின் நாயகியின் பெயரும் அதுவே.

2010 அக்டோபர் 1இல் வெளியான ‘எந்திரன்’ முழுவதும் சிட்டியின் பலத்தைக் காட்டுகிறது. ஆயினும் அதன் உச்சம் எந்தச் சண்டையிலும் இல்லை. நீதிமன்றத் தீர்ப்பை ஏற்றுத் தன் உறுப்புகளைத் தானே கழற்றி வைக்கும் இடத்தில்தான் சிட்டி நாயகனாகிறது. தன் பலத்துக்குத் தானே எல்லை வகுத்துக்கொள்பவன் பார்ப்பவர் மனதில் உயர்ந்துவிடுகிறான்.

2018 நவம்பர் 29இல் வந்த ‘2.0’ அந்த எல்லையை அழித்தது. கழற்றி வைக்கப்பட்ட சிட்டியை மீண்டும் பூட்டினார்கள். முதலில் தோற்றது, கூடுதல் பலத்துடன் திரும்பி வந்தது, அதுவும் போதாமற்போகவே குட்டி இயந்திரங்களாகப் பெருகியது. எதிரில் நிற்பவர் பட்சிராஜன் என்ற முதிய பறவையியலாளர். தோற்றத்திலும் வாழ்வுப் பணியிலும் சலீம் அலியை நினைவூட்டும் பாத்திரம் அது. பம்பாயில் சுலைமானி போரா முஸ்லிம் குடும்பத்தில் 1896இல் பிறந்து, பறவைகளுக்காகவே வாழ்ந்து 1987இல் மறைந்த அந்த மேதையின் சுயசரிதை, ஒரு சிட்டுக்குருவியின் வீழ்ச்சியைத் தலைப்பாகக் கொண்டது. அத்தகைய ஒருவரின் சாயலைத் தமிழ்த் திரை வில்லனுக்கு அணிவித்தது வருத்தத்துக்குரியதே. கைப்பேசிக் கதிர்வீச்சால் பறவைகள் அழிகின்றன என்ற வாதம் அறிவியலில் நிறுவப்படாதது என்பதும் உண்மை. ஆனாலும் மனதில் நிற்பது அந்தக் கிழவரின் துயரம்தான். குட்டி இயந்திரங்கள் புறாக்களைக் கொன்றுவிடுவோம் என்று மிரட்டியே அவரைப் பணிய வைக்கின்றன. முதற்படத்தில் தன்னையே விட்டுக்கொடுத்த நாயகன், இரண்டாவதில் ஒரு பாவமும் அறியாத பறவைகளைப் பணயம் வைத்து வெல்கிறான். பலம் பன்மடங்கு கூடியது. நாயகன் சிறுத்துப் போனான். இதற்கு நடிகரின் வயதைக் குறை சொல்ல முடியாது. இயந்திரத்துக்கு மூப்பு இல்லை. விட்டுக்கொடுப்பதற்கு அதனிடம் எதையும் கதை மிச்சம் வைக்கவில்லை என்பதே காரணம்.

நல்லூருக்குத் திரும்புவோம். பயணத்தைக் கைவிட்ட அறிக்கையில், இலங்கை ஜனாதிபதியைச் சந்தித்துத் தமிழக மீனவர் பிரச்சினையைப் பேச எண்ணியிருந்ததாக ரஜினிகாந்த் குறிப்பிட்டிருந்தார். அந்தப் பிரச்சினையின் மறுகரை யாழ்ப்பாணம். தமிழக இழுவைமடிப் படகுகளால் வலையும் கடல்வளமும் இழப்பவர்கள் இங்குள்ள மீனவர்கள். அதே ஆண்டு ஜூலையில் இலங்கைப் பாராளுமன்றம் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்தது. வந்திருந்தால் நாயகன் அக்கரைக்காக மட்டும் பேசியிருப்பாரா, இக்கரையின் குரலையும் கேட்டிருப்பாரா? வீடு பெறவிருந்தவனுக்கும் வலை இழந்தவனுக்கும் நாயகனின் வயது ஒரு பொருட்டல்ல. தன் கூட்டம் முகம் சுளித்தாலும் மறுகரைக்காக ஒரு சொல் சொல்லத் துணிவானா என்பதே அவர்கள் அறிய விரும்புவது. அந்தத் துணிவு இருந்தால் அறுபத்தாறும் இளமைதான். இல்லையென்றால் எத்தனை பாகம் எடுத்தாலும் இயந்திரம் மட்டுமே மிஞ்சும்.