கலயம், கடை, சிகிச்சை

சாயல்குடி தாண்டி மாரியூர் பக்கம் போனால் பனைமரம் கண்ணில் படும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவி இறக்கினால் பதநீர். தடவாவிட்டால் நொதித்துக் கள். சட்டமும் அந்தக் கோட்டில்தான் நின்றது.

1937-ல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1971-ல் மாநிலத்தில் அது தளர்ந்தது, 1974-ல் திரும்பியது, 1983-ல் டாஸ்மாக் வந்தது. கடையைத் திறப்பதா மூடுவதா என்றே பேசினோம். குடியை விட முடியாமல் தவிக்கிறவரைப் பற்றிப் பேசியது கொஞ்சம்தான்.

குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன், 1980-ல் சென்னையில் டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். குடிக்கு அடிமையாவது ஒழுக்கக்கேடு இல்லை, சிகிச்சை தேவைப்படும் நோய் என்பதே அங்கே அடிப்படை. நாமோ இன்னும் 'குடிகாரப் பய'ன்னு சொல்லிட்டு நகர்ந்துடுறோம். அந்தச் சொல்லுக்குப் பயந்தே எத்தனை பேர் ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காம இருக்காங்க!