குடகு மண் வராத காவிரி

தஞ்சாவூர்ச் சீமையில் மலை கிடையாது. கல்லும் கிடையாது. ராஜராஜன் 1010-ல் பெரிய கோயிலைக் கட்டி முடித்தபோது, அதற்கான கருங்கல் அத்தனையும் வெளியூரிலிருந்துதான் வந்து சேர்ந்தது. கல்லணையிலிருந்து பூம்புகார் வரை எங்கே தோண்டினாலும் களியும் மணலும் வண்டலும்தான் மாறி மாறி வரும். ஆனால் இந்த மண் ஒரு காலத்தில் மலையாக இருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையைக் காவிரி கரைத்துக் கொண்டுவந்து, பல்லாயிரம் ஆண்டுகளாகக் கொட்டிக் கொட்டி மேடாக்கிய நாடு இது. அப்படி நாட்டையே உண்டாக்கிய வண்டல் இப்போது வருவதில்லை. தண்ணீர் நின்றால் சாலை மறியல் செய்கிறோம், கோர்ட்டுக்குப் போகிறோம். வண்டல் நின்றபோது ஊர் கூடி அழவில்லை. அந்தக் கடன் பாக்கியிருக்கிறது.

வண்டலின் பிறந்தகம் குடகு. 1834-ல் ஆங்கிலேயர் கைக்குப் போய், சுதந்திரத்துக்குப் பின் சில ஆண்டுகள் இந்தியாவின் தனி மாநிலமாகவே இருந்து, 1956 நவம்பர் 1-ல் மைசூரோடு சேர்ந்த சின்னஞ்சிறு மலைநாடு. கடற்கரை இல்லாத நாடு. திரும்பின பக்கமெல்லாம் குன்றும் சரிவும் காடும். அங்குள்ள உயரமான சிகரமான தடியண்டமோல் 1,748 மீட்டர். பிரம்மகிரி மலையில், கடல் மட்டத்துக்கு 1,200 மீட்டருக்கும் மேலே, தலைக்காவிரி இருக்கிறது. அங்கிருந்து அரபிக்கடல்தான் கிட்டே. ஆனால் நிலத்தின் சாய்வு கிழக்கே இருப்பதால், காவிரி பக்கத்துக் கடலுக்கு முதுகைக் காட்டிவிட்டு, சுமார் 800 கிலோமீட்டர் நடந்து வங்கக் கடலுக்கு வருகிறது. மலையின் இந்தச் சாய்வு மட்டும் மாறியிருந்தால் தஞ்சாவூர் என்றொரு நெற்களஞ்சியம் இருந்திருக்காது.

ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை குடகில் இறங்கினால் பாகமண்டலாவில் வானம் மூடியபடியே கிடக்கும். வெயிலிலும் மழையிலும் யுகயுகமாக உளுத்துப்போன பாறைதான் அந்த மலைச்சரிவின் செம்மண். மழை அதை ஓடையில் இறக்கும்; ஓடை ஆற்றில் சேர்க்கும். ஹாரங்கி, ஹேமாவதி, லட்சுமணதீர்த்தம் ஒவ்வொன்றும் தன் பங்கைக் கொண்டுவரும். வயநாட்டு மண்ணைக் கபினி கொண்டுவரும். பவானி நீலகிரியிலிருந்து எடுத்துவரும். மைசூர் மேட்டுநிலத்தைக் கடந்து, சிவசமுத்திரத்தில் குதித்து, மேகேதாட்டில் ஒடுங்கி, ஒகேனக்கல்லில் சிதறி ஆறு இறங்குகிறது. இறங்குகிற வேகம் இருக்கும்வரை மண் மிதந்துவரும். திருச்சியைத் தாண்டியதும் தரை சமமாகிவிடும், ஆறு தளர்ந்து சுமையை இறக்கிவிடும். இறக்கிய மண் தன் வழியையே அடைக்க, ஆறு பக்கவாட்டில் வேறு வழி தேடியது. வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு என்று டெல்டாவில் ஆறுகள் விசிறியாகப் பிரிந்து கிடப்பதற்கு வண்டலும் ஒரு முக்கியக் காரணம்.

ஆடியில் வந்த புதுத்தண்ணி செங்கல்லைக் கரைத்ததுபோல இருக்கும். நுங்கும் நுரையுமாக, மரமும் மட்டையுமாக வரும். பதினெட்டாம் பெருக்கன்று பெண்கள் காதோலை கருகமணியும் மஞ்சளும் விட்டது அந்தக் கலங்கல் தண்ணீரில்தான். குடிக்கவும் அதுவேதான். குடத்தின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை நாலு தேய் தேய்த்து ஆற்றுத் தண்ணீரை ஊற்றி வைப்பார்கள். சற்று நேரத்தில் மேலே தெளிந்த நீர் நிற்கும். அடியில் வழவழவென்று மை போல ஒரு படிவு தங்கும். விரலில் எடுத்தால் மணல் நறநறக்காது. குடத்தடியில் தங்கிய அதே மண்தான் வாய்க்கால் வழியே வயலுக்கும் போனது. ஒவ்வொரு வருஷமும் பாய்ச்சலோடு சேர்ந்து மண்ணும் வயலில் ஏறியது. ஆற்றங்கரைப் படுகையில் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் செழித்தது அந்த மண்ணில்தான்.

சுவாமிமலையில் ஐம்பொன் சிலை வார்ப்பதைப் பார்த்தவர்களுக்கு வண்டலின் அருமை தெரியும். மெழுகில் உருவத்தைச் செய்து, கண்ணிமையும் நகமும் விரல்மடிப்பும் செதுக்கி முடித்தபின், ஸ்தபதி முதலில் பூசுவது காவிரி வண்டலைத்தான். வேறு மண் அதற்கு ஒத்துவராது. மெழுகில் உள்ள மயிரிழைக் கோட்டுக்குள்ளும் போய் ஒட்டிக்கொள்ளும் நைஸ் இந்த மண்ணுக்குத்தான் உண்டு. நிழலில் காயவிட்டு, அதன்மேல் முரட்டு மண்ணைப் பூசி, கம்பி கட்டி, சூடுகாட்டி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். நடராஜர் முகத்துப் புன்னகையை உலோகத்தில் பதிப்பது குடகு மலையின் துகள். இன்று அங்கே எடுக்கும் மண் என்றோ படிந்த பழைய வண்டல். எடுத்த இடத்தை நிரப்பப் புதிது வருவதில்லை.

வண்டல் சாதுவாக மட்டும் இருந்ததில்லை. பள்ளமான கொள்ளிடம் தண்ணீரை இழுத்துக்கொள்ள, காவிரியின் தலைப்பு மண்ணால் மேடிட்டுப் போனது. அதைச் சரிசெய்யத்தான் ஆர்தர் காட்டன் 1836-38-ல் முக்கொம்பில் மேலணை கட்டினார். 1924 ஜூலை வெள்ளத்தில் கரைகள் உடைந்து டெல்டா தத்தளித்தது. கோடையில் குடிமராமத்து என்று ஊரே இறங்கி வாய்க்காலைத் தூர்வாரியதும் வண்டல் கொடுத்த வேலைதான். தூர்வாரிய மண் வண்டியேறி வயலுக்குப் போனது. தொல்லை கொடுத்த மண்ணே சோறும் போட்டது.

வண்டலின் மரணம் ஒரே நாளில் நடக்கவில்லை. 1911-ல் தொடங்கிய கிருஷ்ணராஜ சாகர் 1930-களின் தொடக்கத்தில் முடிந்தது. குடகு மண்ணுக்கு முதல் மறியல் அங்கே விழுந்தது. 1925-ல் தொடங்கிய மேட்டூர் அணை 1934-ல் திறக்கப்பட்டது. ஓடுகிற தண்ணீர் 120 அடி உயரத்துக்குத் தேங்கி நின்றால் மண் அடியில் படிந்துவிடும். மதகு வழியே வெளியேறுவது பெரும்பாலும் தெளிந்த தண்ணீர்தான். 1950-களில் பவானிசாகர், அமராவதி அணைகள் வந்தன. 1970-களிலும் 80-களிலும் கபினி, ஹேமாவதி, ஹாரங்கி அணைகள் வந்தன. கடைசியில் மலையிலிருந்து வந்த ஒவ்வொரு வழியிலும் ஒரு கதவு விழுந்துவிட்டது.

மேட்டூரை நான் பழிக்கவில்லை. 1924 வெள்ளத்தைப் பார்த்த தலைமுறைக்கு அது உயிர்ப்பிச்சை. கல்லணைக் கால்வாய் வெட்டப்பட்டு, ஆற்றுத் தண்ணீரைக் கண்டறியாத தஞ்சாவூர் மேட்டுச் செம்மண் நிலங்களுக்குப் பாசனம் கிடைத்தது அதனால்தான். ஆனால் பெற்றதைக் கணக்கெழுதிய நாம் இழந்ததை எழுதாமல் விட்டோம். மண் கொண்டுவந்த சத்தை யூரியாவும் பொட்டாஷும் மூட்டையாக வந்து ஈடுகட்டின. அதற்கு விவசாயி காசு கொடுக்கிறான். ஆற்றிலும் கொள்ளிடத்திலும் மணலை அள்ளி அள்ளிப் படுகை பள்ளமாகிவிட்டது. மேலேயிருந்து புது மண் வந்து அதை நிரப்ப வழியில்லை. 2018 ஆகஸ்ட்டில் முக்கொம்பு மேலணையின் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டபோது, மணல் கொள்ளைதான் காரணம் என்று விவசாயிகள் கொதித்ததை மறக்க முடியாது. எகிப்தில் 1970-ல் முடிந்த அஸ்வான் உயர் அணையால் நைல் வண்டல் நின்றுபோனது. அங்கே விவசாயி ரசாயன உரத்தை நம்ப நேர்ந்தது. ரொசெட்டா முகத்துவாரத்தில் கடல் நிலத்தைத் தின்றது. டெல்டா என்பது வந்துகொண்டே இருக்கும் மண்ணால் நிற்கும் நிலம். வரத்து நின்றால் அது கடலோடு தனியாகப் போராட வேண்டியதுதான்.

மலை கரைவது நின்றுவிடவில்லை. 2018-லும் 2019-லும் குடகில் மலைச்சரிவுகள் வீடுகளையும் காப்பித் தோட்டங்களையும் விழுங்கின. 2020 ஆகஸ்ட்டில் தலைக்காவிரியிலேயே மலை சரிந்து உயிர்கள் போயின. அந்த மண்ணில் ஒரு பங்கு காவிரியில் இறங்கியது. ஆனால் அது தஞ்சாவூர் வயலைப் பார்க்காது. அணைகளின் அடியில் கிடந்து, அங்கே தண்ணீர் தேங்கும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும். நமக்கு வரவேண்டிய மண், நமக்கு வரவேண்டிய தண்ணீரையும் குறைக்கிறது.

காவிரி நடுவர் மன்றம் 2007-ல் 740 டி.எம்.சி.யைப் பங்கிட்டது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டுக்குக் கர்நாடகம் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. விடவேண்டும் என்றது. மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் தினமும் தண்ணீரை அளக்கிறார்கள். பங்கீடு முழுக்கத் தண்ணீருக்குத்தான். மண்ணுக்கு அதில் பங்கு இல்லை. 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் போட்டார்கள். நல்ல சட்டம். ஆனால் இந்த மண்டலத்தை உண்டாக்கிய வண்டலைப் பற்றி யாரும் பேசவில்லை.

அணையை இடிக்கச் சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது. ஆனால் மேட்டூர் அணையின் அடியில் 1934 முதல் சேர்ந்து கிடக்கும் மண் டெல்டாவின் சொத்து. 2017-ல் மேட்டூரில் தூர்வாரத் தொடங்கி, விவசாயிகள் வண்டலை எடுத்துக்கொள்ள அனுமதித்தார்கள். அதை ஒரு கோடைச் செய்தியாக விட்டுவிடாமல், நீர்மட்டம் இறங்கும் ஒவ்வொரு வருஷமும் நடத்த வேண்டும். அந்த மண் அணைக்குப் பக்கத்து ஊர்களோடு நிற்காமல் திருவையாற்றுக்கும் மன்னார்குடிக்கும் வந்து சேர வேண்டும். காவிரி மேலாண்மை ஆணையம் தண்ணீரைப் போலவே அணைகளில் படியும் மண்ணையும் ஆண்டுதோறும் கணக்கில் கொண்டுவர வேண்டும். அடுத்த முறை காவிரிக்காகக் கொடி பிடிக்கும்போது, தண்ணீரோடு மண்ணையும் சேர்த்துக் கேளுங்கள்.