கூரையும் கொடிமரமும்: சோழமண்டலக் கரையில் புயற்காப்பின் வரலாறு

வங்கக் கடலில் எழும் புயல்களுக்கு எதிராகச் சோழமண்டலக் கரையில் வாழ்ந்தோர் தேடிக்கொண்ட காப்பு இரு வகைப்பட்டது. ஆண்டுதோறும் ஐப்பசி மழை தொடங்குமுன் வீட்டையும் படகையும் செப்பனிட்டு வைக்கும் உழைப்பு ஒன்று. இழப்பு நேர்ந்தபின் அதைப் பணத்தால் ஈடுசெய்வதாக முன்கூட்டியே எழுதிவைத்துக்கொள்ளும் காப்பீடு மற்றொன்று. முன்னது கொத்தனாருக்கும் கூரை வேய்பவருக்கும் உரிய கைவேலையாகவும், பின்னது வணிகருக்கும் வழக்கறிஞருக்கும் உரிய தாள்வேலையாகவும் கருதப்பட்டதால் இரண்டின் வரலாறும் தனித்தனியே சொல்லப்படுவதே வழக்கமாகிவிட்டது. ஆயினும் இக்கரையில் காப்பீடு காலூன்றிய நாள்முதல், பராமரிப்பையும் முன்னெச்சரிக்கையையும் நிபந்தனையாகக் கேட்காமல் அது யாருக்கும் பணம் தர ஒப்பியதில்லை என்பதையும், மிகக் கடுமையாகப் பராமரித்தவர்களே காப்பீட்டுக்கு மிகத் தொலைவில் நின்றார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இவ்வரலாறு முழுமை பெறும்.

புயலுக்கான காப்பீடு முதலில் வீட்டுக்கு வரவில்லை, கப்பலுக்கே வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை மதராஸில் துறைமுகம் என்று சொல்லத்தக்க அமைப்பு எதுவும் இல்லாததால், கப்பல்கள் கரையிலிருந்து விலகித் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. பலகைகளைத் தென்னைநார்க் கயிற்றால் தைத்துச் செய்த மசூலாப் படகுகளே அலைகளைக் கடந்து சரக்கையும் ஆட்களையும் கொண்டுவந்து சேர்த்தன. ஒதுங்க இடமற்ற அத்தகைய நங்கூரத் தளத்தில் வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் நிற்பது கப்பலைக் கடலுக்குக் கொடுத்துவிடுவதற்குச் சமமாக இருந்தது. ஆகவே, புனித ஜார்ஜ் கோட்டையின் கொடி அக்டோபர் 15 அளவில் இறக்கப்பட்டு, டிசம்பர் 15 வரை மீண்டும் ஏற்றப்படாமல் இருக்கும் வழக்கம் உருவானது. அந்த இரண்டு மாதங்களில் சோழமண்டலக் கரையை அண்டி வரும் கப்பலுக்கு எடுக்கப்பட்ட காப்பீடு செல்லாததாகிவிடும் என்று அக்காலத்து மாலுமிகள் கையாண்ட ஹார்ஸ்பர்கின் கடல்வழிக் கையேடு எச்சரித்தது. கொடிமரத்தில் கொடி இல்லாதிருந்தது வானிலை அறிவிப்பு மட்டுமன்று, ஒப்பந்த நிபந்தனையின் பகிரங்க அடையாளமும்கூட.

அந்நாளில் மதராஸ் வணிகர்களிடையே பரவலாக இருந்த மற்றொரு முறையையும் இங்குக் குறிப்பிட வேண்டும். சரக்கின் பேரில் கடன் வாங்கி, கப்பல் பத்திரமாகச் சென்று சேர்ந்தால் மிகுந்த வட்டியுடன் திருப்பித் தருவதும், கப்பல் மூழ்கினால் கடனே இல்லாமல் போவதுமான அந்த ஏற்பாடு ‘ரெஸ்பாண்டென்ஷியா’ எனப்பட்டது. கடன் கொடுத்தவரே இடரையும் சுமந்ததால், அவ்வட்டியில் ஒரு பகுதி இன்றைய பிரீமியத்தின் வேலையைச் செய்தது.

கொடி இறக்கும் நாள்கணக்கு புயலை அறிந்து வகுத்தது என்பதைவிட, இரு தரப்பும் ஒத்துக்கொண்ட ஏற்பாடு என்பதே பொருத்தம். 1746இல் மதராஸைக் கைப்பற்றிய பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொன்னேயின் கப்பற்படையைச் சிதறடித்த புயல், புதிய நாட்காட்டிப்படி அக்டோபர் 13ஆம் நாள் இரவில், அதாவது பிற்காலத்தில் கொடி இறக்குவதற்கு வழங்கிய நாளுக்குச் சற்று முன்பே வீசியது. புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயப் போர்க்கப்பல்கள் பலவற்றை மூழ்கடித்த புயல் 1761 ஜனவரி முதல் நாளிலும், மதராஸ் நங்கூரத் தளத்தில் நின்ற கப்பல்களைக் கரையில் மோதவிட்ட புயல் 1872 மே 2ஆம் நாளிலும் வந்தன. மூன்றுமே அந்த இரண்டு மாத வரம்புக்கு வெளியே நிகழ்ந்தவை. ‘சைக்ளோன்’ என்ற சொல்லை 1848இல் தம் நூலின் வழியாகப் பரப்பிய ஹென்றி பிடிங்டன், கோதாவரி முகத்துவாரத்திலிருந்த கொரிங்காவை 1789இல் அழித்த புயல் முதலான பல புயல்களின் குறிப்புகளைத் திரட்டிச் சுழற்காற்றின் போக்கை விளக்கிய பின்னரும், 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை தொடங்கப்பட்ட பின்னருமே தேதியை நம்புவதற்கு மாறாக அறிகுறியை நம்பும் காலம் மெல்லப் பிறந்தது. 1876இல் கட்டத் தொடங்கிய மதராஸ் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்களை 1881 நவம்பரில் வந்த புயல் உடைத்தெறிந்ததை நினைத்தால், கல்லை நம்பியோருக்கும் அக்கடல் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை என்பது விளங்கும்.

கரையேறினால் நிலைமை வேறு. கப்பலுக்கு இருந்த காப்பீட்டு ஏற்பாடு வீட்டுக்கு நெடுங்காலம் கிட்டவில்லை. பொதுக் காப்பீட்டில் இந்தியாவின் முதல் நிறுவனமாகக் கருதப்படும் டிரைட்டன் 1850இல் கல்கத்தாவில் தொடங்கிய பிறகும், கட்டடத்துக்கான காப்பீடு என்றால் தீக்காப்பீடு என்றே பொருள்பட்டது. தீ ஒரு வீட்டையோ ஒரு தெருவையோ எரித்து அடங்குகிறது. ஆயிரம் வீட்டாரின் பிரீமியத்திலிருந்து அந்தச் சிலருக்கு ஈடு கொடுத்துவிடலாம். புயலோ ஒரே இரவில் கடற்கரை முழுவதையும் தாக்குவதால், பிரீமியம் கட்டிய ஆயிரம் பேரும் மறுநாள் காலையில் ஒருசேர இழப்பீடு கேட்டு நிற்பார்கள். இடர் ஒரே இடத்தில் குவிந்துவிடும் இந்த அச்சமே காப்பீட்டாளரைக் கரையோர வீடுகளிலிருந்து விலக்கி வைத்த காரணங்களுள் முதன்மையானது. வீட்டைக் காக்கும் பொறுப்பு, ஆகவே, வீட்டுக்காரர் கையிலும் அவர் அமர்த்திய தொழிலாளர் கையிலும் தங்கியது.

வசதி படைத்தோர் நம்பியது எடையை. ‘மெட்ராஸ் டெரஸ்’ என்று கட்டடக் கலையில் பெயர்பெற்ற தட்டைக் கூரை, தேக்கு உத்திரங்களின்மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் நெருக்கமாகச் செங்குத்தாக நிறுத்தி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளத்தைப் போட்டு அமைப்பது. அந்தத் தளத்தை உறுதியாக்கும் வேலையில் பெண்கள் வரிசையாக அமர்ந்து, கையடக்கமான மரக்கட்டைகளால் ஓரத்திலிருந்து ஓரம்வரை நாள்கணக்கில் தட்டிக்கொண்டே நகர்வார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை இடையிடையே தெளித்து, கட்டை பதியாமல் துள்ளி மீளும் பதம் வரும்வரை தட்டுவது நிற்காது. இவ்வாறு இறுகிய கூரையைக் காற்றால் பெயர்க்க முடிவதில்லை. அதன் பகை காற்றன்று, நீர். மேற்பூச்சில் மயிரிழை வெடிப்பு விழுந்தாலும், அதில் அரசங்கன்று வேர்விட்டாலும், கசியும் மழைநீர் சுவருக்குள் புதைந்திருக்கும் உத்திரத்தின் முனையை நனைத்து மக்கச் செய்யும். கரையான் எஞ்சியதை முடிக்கும். வெளியே தெரியாத அந்த நோய் ஒரு புயல்மழையில் தளத்தின் எடையாலேயே கூரையைக் கீழே இறக்கிவிடும். புரட்டாசிக்குள் மாடியைக் கூட்டி, செடியை வேரோடு பிடுங்கி, வெடிப்பைச் சுண்ணாம்பால் அடைத்து, நீர்த்தாரைக் குழாய்களைச் சுத்தம் செய்துவைக்கும் வழக்கம் இக்கூரையுடன் சேர்ந்தே வளர்ந்தது.

நடுத்தரக் குடும்பங்களின் கூரையை மாற்றியது மங்களூர் ஓடு. பாசல் மிஷனைச் சேர்ந்த பிளெப்ஸ்ட் 1865இல் மங்களூரில் நிறுவிய ஆலையிலிருந்து தொடங்கிய இந்த ஓடு, ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் விளிம்புடையது. நாட்டு ஓட்டைப்போல் ஆண்டுதோறும் பிரித்து அடுக்க வேண்டியதில்லை. ஆனால் கடற்காற்று கூரையின் முகட்டிலும் இறவாணத்திலும் மேல்நோக்கி உறிஞ்சும் விசையை உண்டாக்குவதால், ஓரத்து ஓடுகளே முதலில் எழும். ஓர் ஓடு பறந்தால் உள்ளே புகும் காற்று மற்றவற்றையும் தள்ளிவிடும். கரையோர ஊர்களில் முகட்டையும் ஓரங்களையும் சாந்தால் பூசி, இடையிடையே பட்டைபோலச் சாந்து ஓட்டியதன் காரணம் இதுவே.

பெரும்பான்மையோர் வாழ்ந்தது கீற்றுக்குள். தென்னங்கீற்றோ பனையோலையோ வேய்ந்த கடற்கரைக் குடிசையின் இறவாணம் ஆள் குனிந்து நுழையுமளவுக்குத் தாழ்ந்திருப்பதை வறுமையின் அடையாளமாக மட்டும் பார்ப்பது பிழை. காற்று சுவரில் மோதாமல் கூரையின் சரிவில் ஏறிக் கடந்து போவதற்கான அமைப்பு அது. ஆந்திரக் கடற்கரையின் வட்டக் குடிசைகளும் இதே அறிவின் மற்றொரு வடிவம். ஆணிக்கு அங்கு இடமில்லை. கைமரத்தோடு வரிச்சையும், வரிச்சோடு கீற்றையும் பனைநாராலோ தென்னங்கயிற்றாலோ கட்டுவதால் காற்றுக்கு ஆடிக் கொடுக்கும் நெகிழ்வு கிடைக்கிறது. முற்றிலும் விறைத்த கூரை முறியும் இடத்தில் அது வளைந்து தப்புகிறது. மீனவர் குப்பங்களில் பழைய வலையைக் கூரைமேல் விரித்துக் கட்டியும், கயிற்றின் நுனியில் கல்லைத் தொங்கவிட்டும் காற்றுக்கு ஈடு கொடுத்தனர். ஆனால் கயிறும் கீற்றும் ஓரிரு ஆண்டுகளில் இற்றுப்போகும். மாற்றாவிட்டால் இந்த அறிவு முழுவதும் பயனற்றுப் போகும். கோடையில் கீற்று முடைந்து, அடைமழைக்கு முன் கூரையைப் பிரித்து வேய்வது ஒரு குடும்பத்தின் ஆண்டுச் செலவில் தவிர்க்க முடியாத பங்காக இருந்தது. அந்தச் செலவே, வேறு பெயரில், அவர்கள் கட்டிய பிரீமியம்.

இருபதாம் நூற்றாண்டில் வீட்டுக்கான புயற்காப்பீடு தீக்காப்பீட்டின் துணையாகவே நுழைந்தது. 1972ஆம் ஆண்டின் சட்டத்தால் நாட்டுடைமையாக்கப்பட்ட 107 நிறுவனங்கள் 1973 ஜனவரி முதல் நான்காகத் தொகுக்கப்பட்டபோது, அவற்றுள் யுனைடெட் இந்தியா சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. புயல், சூறைக்காற்று, வெள்ளம், நீர்சூழ்தல் ஆகிய நான்கும் ஒரே தொகுப்பாகக் கருதப்பட்டுக் கூடுதல் கட்டணத்துக்குத் தரப்பட்டன. பின்னர் 2001இன் தீக்காப்பீட்டுக் கட்டண விதிகளில் அவை அடிப்படைப் பாலிசிக்குள்ளேயே வந்தபோதும், வேண்டாதோர் அவற்றை நீக்கிக்கொண்டு குறைந்த பிரீமியம் கட்டலாம் என்ற வழி திறந்தே இருந்தது. 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் வழங்க வேண்டிய ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்னும் பொது வீட்டுப் பாலிசி இந்நிலையைப் பெரிதும் மாற்றியது. வீட்டைக் குறைந்த மதிப்புக்குக் காப்பீடு செய்திருந்தால் இழப்பீட்டையும் அதே விகிதத்தில் குறைக்கும் பழைய விதி இதில் கைவிடப்பட்டுள்ளது. வீட்டுப் பொருள்களும் கட்டடக் காப்பீட்டுத் தொகையில் 20 விழுக்காடுவரை, உச்சமாக 10 லட்சம் ரூபாய்க்கு, தனிப் பட்டியலின்றிச் சேர்ந்துவிடுகின்றன.

எனினும் கொடிமரத்து நிபந்தனை இங்கும் வேறு உருவில் தொடர்கிறது. தேய்மானத்தாலும் பராமரிப்புக் குறைவாலும் வரும் சேதத்துக்கு ஈடில்லை என்பது இவ்வகைப் பாலிசிகளின் நிலையான விதி. ஓடு புயலில் பறந்ததா அல்லது முன்பே உடைந்து கிடந்ததா, சுவரில் இறங்கிய நீர் வெள்ளமா அல்லது பல ஆண்டுக் கசிவா என்பதையே இழப்பை மதிப்பிட வரும் சர்வேயர் முதலில் பார்க்கிறார். மழைக்கு முன் மாடியைச் செப்பனிட்டவருக்கு அதன் ரசீதும் புகைப்படமும் சாட்சியாகின்றன. செப்பனிடாதவருக்குப் பாலிசி கையிலிருந்தும் வழக்கு வலுவிழக்கிறது. இதில் நியாயம் உண்டு. ஆனால் ஓலை, புல், மூங்கில் கொண்ட கூரையைக் ‘கச்சா’ கட்டுமானம் என வகுத்து உயர்ந்த கட்டணம் விதித்த விதியில் அத்தகைய நியாயத்தைக் காண்பது கடினம். மிகக் குறைந்த மதிப்புள்ள வீடு மிக உயர்ந்த விகிதத்தில் கட்ட வேண்டியதாயிற்று. 1988இல் ஏழைகளின் குடிசைகளுக்கென அரசு தொடங்கிய காப்பீட்டுத் திட்டமும் தீ விபத்தையே கருதியது. ஆகவே 1964 டிசம்பரில் தனுஷ்கோடி அழிந்தபோதும், 2011இல் ‘தானே’ புயல் கடலூரைத் தாக்கியபோதும், 2018 நவம்பரில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறி டெல்டாவின் கூரைகளையும் தென்னைகளையும் ஒருங்கே வீழ்த்தியபோதும், குடிசைவாசிக்குக் கிடைக்கக் கூடியதாக இருந்தது பாலிசித் தொகையன்று. கணக்கெடுப்பில் ‘முழுச் சேதம்’, ‘பகுதிச் சேதம்’ என்று எழுதப்படும் சொல்லைப் பொறுத்து அமையும் அரசு நிவாரணமே.

வாகனத்தின் வரலாறு குறுகியது. 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது, அவ்விதி 1946இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் கட்டாயமாக்கப்பட்டது மூன்றாம் தரப்புக் காப்பீடு மட்டுமே: வாகனத்தால் பிறருக்கு நேரும் தீங்கை அது ஈடுசெய்யும், புயலில் மரம் விழுந்து நசுங்கிய சொந்த வாகனத்தை அது தொடாது. அதற்குச் ‘சொந்தச் சேதம்’ எனப்படும் பிரிவையும் சேர்த்து எடுத்திருக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளம் இந்த நுணுக்கங்களைச் சென்னைக்குப் பாடமாகவே நடத்தியது. நீரில் நின்ற காரை ஓட்டிப் பார்க்கச் சாவியைத் திருப்பும்போது காற்று செல்லும் வழியாக நீர் சிலிண்டருக்குள் புகுகிறது. காற்றைப்போல் நீர் அழுந்தாததால் பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்து எஞ்சினே பாழாகிறது. வெள்ளத்தால் வந்த சேதமன்று, நீரில் நின்ற வண்டியைக் கிளப்பியதால் பின்விளைவாக வந்த சேதம் என்று கூறி நிறுவனங்கள் இழப்பீட்டை மறுக்க இடமிருந்ததால், எஞ்சின் பாதுகாப்பு என்னும் கூடுதல் பிரிவு அவ்வெள்ளத்துக்குப் பின் பலரால் தேடப்பட்டது. வண்டியைக் கிளப்பாமல் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு இழுவை வண்டிக்குச் சொல்லியனுப்புவது இன்று பழுதுபார்ப்போர் அனைவரும் சொல்லும் முதல் அறிவுரை.

2018 செப்டம்பர் முதல் புதிய இருசக்கர வாகனங்களுக்கு ஐந்து ஆண்டுகளுக்கும் கார்களுக்கு மூன்று ஆண்டுகளுக்கும் மூன்றாம் தரப்புக் காப்பீட்டை ஒரே முறையில் எடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்ற ஆணையின்படி விதிக்கப்பட்டது. சாலையில் காப்பீடற்ற வாகனங்களைக் குறைக்கும் நல்ல நோக்கம் கொண்ட இவ்விதியோடு, சொந்தச் சேதப் பிரிவு ஓராண்டில் முடிந்துவிடும் பாலிசிகளும் விற்கப்பட்டன. ஐந்து ஆண்டுத் தாள் கையில் இருப்பதால் எல்லாம் காக்கப்பட்டிருப்பதாக நம்பிய ஓட்டுநர் இரண்டாம் ஆண்டில் அப்பிரிவைப் புதுப்பிக்கத் தவறினால், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொண்டுவந்ததைப் போன்ற வெள்ளத்தில் மூழ்கும் தம் வண்டிக்கு அந்தத் தாளைக் காட்டி எதுவும் கோர முடியாது.