கிளாஸ்னெவின்: ஜெப உரிமைக்காகப் பிறந்த கல்லறைத் தோட்டம்

அயர்லாந்து தலைநகர் டப்ளினின் வடபகுதியில் சுமார் 124 ஏக்கர் பரப்பளவில் அமைந்துள்ளது கிளாஸ்னெவின் கல்லறைத் தோட்டம். இங்கு அடக்கம் செய்யப்பட்டோர் ஏறக்குறைய 15 லட்சம் பேர். டப்ளின் மாநகராட்சி எல்லைக்குள் இன்று வாழ்வோரின் எண்ணிக்கையைப் போல இது இரு மடங்குக்கும் அதிகம்.

பிரிட்டிஷ் ஆட்சியில், கத்தோலிக்கர்கள் பெரும்பான்மையினராக இருந்தும் அவர்களுக்கெனத் தனிக் கல்லறை இல்லை. புராட்டஸ்டன்ட் ஆலய வளாகங்களிலேயே இறந்தோரை அடக்கம் செய்ய வேண்டியிருந்தது. 1823-ஆம் ஆண்டு டப்ளினில் அவ்வாறான வளாகம் ஒன்றில், கத்தோலிக்கர் ஒருவரின் அடக்கத்தின்போது ஜெபிக்க முயன்ற குருவானவரை அந்த ஆலயத்தின் ஊழியர் தடுத்தார். நகரில் கொந்தளிப்பு எழுந்தது. கல்லறையில் இறந்தவருக்காக ஜெபிப்பதைத் தடுக்கும் சட்டம் ஏதும் இல்லை என்று வழக்கறிஞர் டேனியல் ஓ'கானல் வாதிட்டார். கத்தோலிக்கர்கள் நாடாளுமன்றத்தில் அமரும் உரிமையை 1829-இல் வென்றெடுத்த அதே ஓ'கானலின் முயற்சியால் 1832 பிப்ரவரியில் கிளாஸ்னெவின் திறக்கப்பட்டது. கத்தோலிக்கர்களின் தேவைக்காகத் தோன்றினாலும், எம்மதத்தவரும் எம்மதமும் சாராதவரும் இங்கு இடம்பெறலாம் என்பதே தொடக்கம் முதல் விதியாக இருந்தது. முதலில் அடக்கம் செய்யப்பட்டது மைக்கேல் கேரி என்ற 11 வயதுச் சிறுவன்.

உயர்ந்த மதிலும் அதன்மேல் காவல் கோபுரங்களும் இங்கு வரும் எவர் கண்ணிலும் படும். மருத்துவக் கல்லூரிகளின் உடற்கூறியல் வகுப்புகளுக்கு விற்பதற்காகச் சடலங்கள் தோண்டித் திருடப்பட்ட காலத்தில் எழுப்பப்பட்டவை அவை.

ஓ'கானல் 1847-இல் இத்தாலியின் ஜெனோவா நகரில் காலமானார். அவரது இதயம் ரோமுக்கும் உடல் டப்ளினுக்கும் அனுப்பப்பட்டன. சுமார் 55 மீட்டர் உயரமுள்ள வட்டக் கோபுரத்தின் அடியில் அவரது சவப்பெட்டி உள்ளது. கல் பேழையிலுள்ள துளைகள் வழியாகப் பார்வையாளர்கள் அதைத் தொடலாம். 1971-இல் குண்டுவெடிப்பில் சேதமடைந்த கோபுரப் படிக்கட்டு 2018-இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது.

தன்னாட்சி இயக்கத் தலைவர் சார்ல்ஸ் ஸ்டூவர்ட் பார்னெல் புராட்டஸ்டன்ட். அவர் துயிலும் இடத்தில் செதுக்கப்படாத பெரும் கருங்கல் ஒன்றே உள்ளது. அதில் 'பார்னெல்' என்ற பெயரைத் தவிர வேறெதுவும் இல்லை.

1915 ஆகஸ்ட் 1-இல் ஓ'டோனவன் ரோசாவின் அடக்கத்தில் பாட்ரிக் பியர்ஸ் ஆற்றிய உரை, அடுத்த ஆண்டு ஈஸ்டர் எழுச்சிக்கு முன்னறிவிப்பாகக் கருதப்படுகிறது. எழுச்சியை வழிநடத்திய பியர்ஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரது உடல் இங்கு வரவில்லை. அதே ஆண்டு லண்டன் பென்டன்வில் சிறையில் தூக்கிலிடப்பட்ட ரோஜர் கேஸ்மென்டின் எச்சங்கள் 1965-இல் இங்கு கொண்டுவரப்பட்டன. வட அயர்லாந்தின் ஆன்ட்ரிம் கடற்கரையில் அடக்கம் செய்யப்பட வேண்டும் என்பதே அவரது விருப்பம். எச்சங்கள் வட அயர்லாந்துக்குச் செல்லக்கூடாது என்ற பிரிட்டனின் நிபந்தனையால் அது நிறைவேறவில்லை.

1922 ஆகஸ்ட் மாதம் கிளாஸ்னெவினுக்கு மிகக் கொடியது. பிரிட்டனுடனான உடன்படிக்கையில் கையெழுத்திட்ட ஆர்தர் கிரிஃபித்தின் இறுதி ஊர்வலம் 16-ஆம் தேதி நடந்தது. அதில் நடந்து சென்ற மைக்கேல் காலின்ஸ், ஆறு நாட்களில் உடன்படிக்கை எதிர்ப்பாளர்களின் பதுங்கித் தாக்குதலில் உயிரிழந்து, 28-ஆம் தேதி இங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். அவரது கல்லறையில் இன்றும் மலர்கள் குறைவதில்லை. உடன்படிக்கையை எதிர்த்த முகாமின் அரசியல் தலைவர் ஏமன் டி வலேரா, பிரதமராகவும் குடியரசுத் தலைவராகவும் பதவி வகித்து 1975-இல் மறைந்தார். அவரும் இதே மண்ணில்தான் உள்ளார். 1936-இல் சுபாஷ் சந்திர போஸ் டப்ளின் சென்றபோது சந்தித்தது இந்த டி வலேராவைத்தான்.

கவிஞர் ஜெரார்ட் மேன்லி ஹாப்கின்ஸ் இயேசு சபையினருக்கான பகுதியிலும், நாடகாசிரியர் பிரெண்டன் பீஹன் வேறொரு பகுதியிலும் உள்ளனர். காலராவிலும் பஞ்சத்திலும் மாண்ட ஏழைகளின் பொதுக் குழிகளுக்கோ பெயர்ப்பலகை இல்லை.

ஈஸ்டர் எழுச்சியின் நூற்றாண்டையொட்டி 2016-இல் இங்கு நினைவுச்சுவர் ஒன்று எழுப்பப்பட்டது. கிளர்ச்சியாளர்கள், பொதுமக்கள், பிரிட்டிஷ் படையினர் என அப்போது இறந்த அனைவரின் பெயர்களும் பாகுபாடின்றி அதில் பொறிக்கப்பட்டன. படையினரின் பெயர்களைச் சேர்த்ததற்கு எதிர்ப்பு எழுந்தது. 2017-இல் சுவர்மீது வண்ணம் வீசப்பட்டது. 2020-இல் அது சம்மட்டியால் தாக்கப்பட்டது. சுவரை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் முயற்சியைக் கைவிடுவதாக 2022-இல் நிர்வாகம் அறிவித்தது.