மேசைக்கணினி உறைதல்

வீட்டு மேசைக்கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே திரை அப்படியே நின்றுபோய், விசைப்பலகையைத் தட்டினாலும் மவுஸை அசைத்தாலும் எதுவும் நடக்காத நிலை உறைதல் எனப்படும். பேச்சில் ‘ஹேங் ஆயிடுச்சு’, ‘ஸ்ட்ரக் ஆயிடுச்சு’ என்பார்கள். கணினி மெதுவாக ஓடுவது வேறு. நீலத்திரை காட்டி நிற்பது வேறு. தானாக அணைந்து மறுபடி எழுவதும் வேறு. நீலத்திரை வந்தால் பிழைக்குறி ஒன்றாவது கிடைக்கும். உறைதலில் அதுவும் இல்லை. நடந்ததைக் குறித்துவைக்க வேண்டிய இயங்குதளமே நின்றுவிடுவதால் கடைசி நொடிக்கு எழுத்துச் சான்று இருப்பதில்லை. எப்போது வரும் என்று தெரியாமல் வாரத்துக்கு ஒருமுறை வரும் உறைதல், அனுபவமுள்ள பழுதுபார்ப்பவரையும் திணறடிக்கும். கடைக்குத் தூக்கிப்போனால் அங்கே நாள் முழுக்க நன்றாக ஓடும். வீட்டுக்கு வந்த மறுநாள் நிற்கும்.

பெரும்பாலான வீடுகளில் பணமும் படங்களும் வீணாவது இந்தக் கட்டத்தில்தான். ‘ஃபார்மட் பண்ணிப் பார்க்கலாம்’ என்பது முதல் யோசனையாக வருகிறது. பாகம் ஏதேனும் பழுதாகியிருந்தால் ஃபார்மட் செய்தாலும் அந்தப் பழுது அப்படியேதான் இருக்கும். பழுதானது ஹார்ட் டிஸ்க்காக இருந்தால், மறுபடி விண்டோஸ் நிறுவும் பளுவே அதற்குக் கடைசி உதையாகவும் அமையலாம். உறைதலுக்கு மருந்து தேடுமுன் குடும்பப் படங்கள், ஆவணங்கள் எல்லாவற்றையும் வேறொரு வட்டில் நகலெடுத்துவிட வேண்டும். இதில் தள்ளிப்போடவே கூடாது.

உறைந்த கணத்தில்

திரை நின்றதும் கை தானாக ரீசெட் பொத்தானுக்குப் போகும். இரண்டு நிமிடம் பொறுத்தால் கணினியே சில செய்திகள் சொல்லும்.

முதலில் நம் லாக் விசையை அழுத்திப் பார்க்க வேண்டும். அந்தச் சிறு விளக்கை எரிப்பதும் அணைப்பதும் விசைப்பலகை தானாகச் செய்வதல்ல. விசை அழுத்தப்பட்ட செய்தி இயங்குதளத்துக்குப் போய், அது திருப்பி ஆணையிட்ட பிறகே விளக்கு மாறும். விளக்கு மாறினால் இயங்குதளத்தின் கரு உயிரோடு இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டையோ வட்டையோ சந்தேகிக்கலாம். மாறாவிட்டால் பெரும்பாலும் இயந்திரம் முழுதுமே நின்றிருக்கிறது. ராம், செயலி, மதர்போர்டு, மின்வழங்கி என்று சந்தேகம் அடியாழத்துக்குப் போகிறது.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் அதுவும் சான்றுதான். ஒலிச்சில்லு நினைவகத்தின் சிறு பகுதி ஒன்றிலிருந்து ஒலியை வட்டமாக வாசித்துக்கொண்டே இருக்கும். அந்தப் பகுதியைப் புது ஒலியால் நிரப்புவது செயலியின் வேலை. செயலி நின்றுவிட்டால் நிரப்ப ஆளில்லை. நொடியில் ஒரு துணுக்கு மட்டும் ‘ட்ர்ர்ர்’ என்று விடாமல் திரும்பத் திரும்பக் கேட்கும். படம் நின்று பாட்டு மட்டும் ஒழுங்காக ஓடினால் செயலி வேலை செய்கிறது, காட்சிப் பகுதியில்தான் கோளாறு. விண்டோஸ் 10, 11-இல் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட் ஆகியவற்றோடு ‘பி’ விசையைச் சேர்த்து அழுத்தினால் கிராபிக்ஸ் இயக்கி மறுபடி தொடங்கும். திரை ஒருமுறை கண்சிமிட்டிவிட்டு மீண்டால் குற்றவாளி ஏறக்குறைய கையில் சிக்கியதுபோலத்தான்.

அம்புக்குறி மட்டும் நகர்ந்து, எதைச் சொடுக்கினாலும் திறக்காமல், கேபினெட்டின் முகப்பில் வட்டு விளக்கு அணையாமல் எரிந்தால் அது வட்டின் வேலை. அரை நிமிடமோ ஒரு நிமிடமோ கழித்துத் தானாகவே விடுபட்டு ஓடும் உறைதலும் பெரும்பாலும் இவ்வகைதான்.

பதிவேடு சொல்வதும் சொல்லாததும்

மறுதொடக்கத்துக்குப் பிறகு விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டைத் திறந்தால் ‘கெர்னல்-பவர் 41’ என்ற சிவப்புக் குறிப்பு இருக்கும். பெயரில் ‘பவர்’ இருப்பதால் மின்வழங்கி கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி அதை மாற்றியவர்கள் ஏராளம். முறைப்படி மூடாமல் கணினி நின்றுபோய் மறுபடி தொடங்கியது என்பதைத் தவிர அந்தக் குறிப்புக்கு வேறு பொருளில்லை. உறைந்த கணினியை நாமே பொத்தானை அழுத்தி அணைத்தாலும் அதே 41 பதிவாகும். பார்க்க வேண்டியவை அதற்குச் சற்று முந்தைய வரிகள். வட்டுக்கு ‘ரீசெட்’ அனுப்பியதைச் சொல்லும் 129, பழுதான பகுதியைச் சொல்லும் 7, கட்டளையை மறுபடி முயன்றதைச் சொல்லும் 153 ஆகியவை வட்டையோ அதன் கேபிளையோ காட்டும். ‘வீயா-லாகர்’ என்ற பெயரில் வரும் குறிப்புகள் வன்பொருள் தானே அளித்த வாக்குமூலம்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

ராமைக் கழற்றி மாட்டி, இயக்கியைப் புதுப்பித்து, கேபிளையும் மாற்றினால் கணினி சரியாகிவிடக்கூடும். எதனால் சரியானது என்பது தெரியாது, திரும்ப வந்தால் தொடங்கிய இடத்திலேயே நிற்போம். ஒரு நோட்டில் உறைந்த நாள், நேரம், அப்போது ஓடிய வேலை ஆகியவற்றை எழுதிவைத்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவதே வழி.

எத்தனை நாள் காத்திருப்பது என்பதற்குக் கணக்கு உண்டு. சராசரியாக 2 நாளுக்கு ஒருமுறை ஒழுங்கின்றி உறையும் கணினி, ஏதோ ஒன்றை மாற்றியபின் 2 நாள் நன்றாக ஓடினால் மகிழ்ந்துவிடக் கூடாது. பழுது அப்படியே இருந்தாலும் 2 நாள் தப்பித்துப்போக 100-க்கு 37 வாய்ப்பு இருக்கிறது. 6 நாள் உறையாமல் ஓடினால் அந்த வாய்ப்பு 5 ஆகக் குறையும். வழக்கமான இடைவெளியைப் போல மூன்று மடங்கு காத்திருந்த பிறகே ஒரு மாற்றத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லலாம்.

வட்டு

ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பகுதி படிக்க முடியாமல் போனால் வட்டு உடனே கைவிரிப்பதில்லை. திரும்பத் திரும்ப முயலும். அதுவரை அதன் பதிலுக்காக முழுக் கணினியும் காத்து நிற்கும். லினக்ஸ் ஒரு கட்டளைக்கு இயல்பாக 30 விநாடி பொறுக்கும். ‘கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ’ போன்ற இலவச மென்பொருள்கள் வட்டு தன்னைப் பற்றி வைத்திருக்கும் கணக்கைக் காட்டும். அதில் 05, சி5 ஆகிய வரிகளின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால் வட்டை மாற்றத்தான் வேண்டும். சி7 மட்டும் கூடினால் பெரும்பாலும் பழுது சாட்டா கேபிளில். சில நூறு ரூபாயில் முடிகிற அந்தச் செலவைப் பாராமல் வட்டையே மாற்றச் சொல்லும் இடங்கள் உண்டு.

எஸ்.எஸ்.டி.யில் நகரும் பாகம் இல்லை என்பதால் உறையாது என்றில்லை. குரூஷியல் நிறுவனத்தின் எம்4 வகை எஸ்.எஸ்.டி., மொத்தம் 5,184 மணி நேரம் ஓடி முடித்ததும் பதிலளிப்பதை நிறுத்திவிடும்; மறுதொடக்கம் செய்தால் ஒரு மணி நேரம் ஓடும், பிறகு மறுபடி நிற்கும். ஓடிய மணிகளைக் கூட்டும் கணக்கில் இருந்த மென்பொருட்பிழைதான் காரணம். 2012 ஜனவரியில் நிறுவனம் திருத்தம் வெளியிட்டது.

ராம்

2009-இல் கூகுள் தன் சேவையகங்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வு, ஓராண்டில் ராம் தகடுகளில் 8 விழுக்காட்டுக்கு மேல் பிழை காட்டின என்று கண்டது. சேவையக ராமில் பிழையைக் கண்டு திருத்தும் கூடுதல் ஏற்பாடு இருக்கிறது. வீட்டுக் கணினிகளின் ராமில் பொதுவாக அது இல்லை. பிழை வந்தால் வந்ததுதான்.

சோதிக்க எளிய வழி: மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கி, பவர் பொத்தானை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடியவிட்டு, கேபினெட்டின் உலோகத்தைத் தொட்ட பின் கை வைக்க வேண்டும். இரு முனைக் கொக்கியையும் விலக்கினால் தகடு மேலே எழும். அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் அழிப்பானால் தேய்ப்பது நம்மூர் சர்வீஸ் கடைகளின் பழக்கம். குணம் கிடைப்பது பெரும்பாலும் தேய்ப்பதால் அல்ல, கழற்றித் திரும்ப மாட்டுவதால்தான். அழிப்பான் துகள் சொருகுவாயில் விழுந்தால் புதுத் தொல்லை. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணி போதும். திரும்ப மாட்டும்போது இரு பக்கமும் ‘டக்’ என்று கொக்கி விழ வேண்டும். இரண்டு தகடு இருந்தால் ஒன்றை மட்டும் வைத்து ஓட்டி, பிறகு மற்றதை வைத்து ஓட்ட வேண்டும். ‘மெம்டெஸ்ட்86’ சோதனையை ஒரு சுற்றோடு நிறுத்தாமல் இரவு முழுக்க ஓடவிட வேண்டும். ஒரே ஒரு பிழை வந்தாலும் தேர்ச்சி இல்லை. பயாஸில் ராமுக்கு எக்ஸ்.எம்.பி. என்ற கூடுதல் வேகம் போடப்பட்டிருந்தால் முதலில் அதை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்க்கலாம்; செலவில்லாத சோதனை.

மின்வழங்கியும் மின்தேக்கியும்

எஸ்.எம்.பி.எஸ். எனப்படும் மின்வழங்கி தரும் 12, 5, 3.3 வோல்ட் அழுத்தங்கள் 5 விழுக்காடு ஏறி இறங்கலாம் என்பது ஏ.டி.எக்ஸ். தரம். 12 வோல்ட் வரும் மஞ்சள் கம்பியில் 11.4-க்குக் கீழேயோ 12.6-க்கு மேலேயோ போகக் கூடாது. மல்டிமீட்டரில் 12.1 காட்டியது, ஆகவே எஸ்.எம்.பி.எஸ். நன்றாக இருக்கிறது என்ற முடிவு தவறு. மீட்டர் காட்டுவது சராசரி. 12 வோல்ட்டின் மேல் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை துடிக்கும் சிற்றலை 120 மில்லிவோல்ட்டைத் தாண்டக் கூடாது. அது மீட்டரின் கண்ணில் படாது. நன்றாக ஓடும் இன்னொரு எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கடன் வாங்கி மாட்டிப் பார்ப்பதே நம்பகமான சோதனை. தண்ணீர் மோட்டார் போடும் நேரமும் உறையும் நேரமும் ஒத்துப்போகிறதா என்பதும் நோட்டில் ஏற வேண்டிய செய்தி.

அடுத்து, செயலியைச் சுற்றி நிற்கும் சிறு உருளைகளான மின்தேக்கிகளை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். மேல்மூடி கண்ணாடிபோல் தட்டையாக இருக்க வேண்டும். நடுவில் கீறிய கோடு பிளந்து, மூடி பூரிபோல் உப்பி, பழுப்பு நிறப் பிசின் கசிந்திருந்தால் தேடல் முடிந்தது. 1999 முதல் 2007 வரை உலகெங்கும் மதர்போர்டுகளை இந்த நோய் வாரிக்கொண்டு போனது. மின்பகு திரவம் சரியான கலவையில் இல்லாததால் உள்ளே வாயு உருவாகி மின்தேக்கிகள் வெடித்தன. டெல் நிறுவனம் 2003 மே முதல் 2005 ஜூலை வரை விற்ற 1 கோடியே 18 லட்சம் ஆப்டிபிளெக்ஸ் கணினிகளும் இந்த ஆபத்துக்கு உள்ளாயின. இதற்காக டெல் 30 கோடி டாலரைச் செலவாக ஒதுக்கியது. இப்போதைய மதர்போர்டுகளில் பெரும்பாலும் திரவமில்லாத திண்ம மின்தேக்கிகள் வந்துவிட்டன. எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் இன்னமும் திரவ வகை உண்டு. சந்தேகம் வந்தாலும் அந்தப் பெட்டியை வீட்டில் திறக்கவே கூடாது: 230 வோல்ட் மின்சாரம் நேராக்கப்பட்டு ஏறக்குறைய 325 வோல்ட்டாக அதனுள் தேங்கி நிற்கும், கம்பியைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும்.

வெப்பத்தின் மேல் பழி அதிகம். செயலி சூடேறினால் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், மிஞ்சினால் கணினியை அணைத்துவிடும். தூசி தட்டுவது நல்லதுதான்; உறைதலுக்கு அதுவே விடையாவது அபூர்வம்.

செயலியின் பிழைகள்

எல்லாப் பாகத்தையும் மாற்றிய பிறகும் உறைந்தால் செயலியின் வடிவமைப்பையே பார்க்க வேண்டியிருக்கும். 1997 நவம்பரில் வெளிப்பட்ட பென்டியம் பிழையில் 4 பைட் நீளமுள்ள ஒரே ஆணை கணினியை அப்படியே நிறுத்தியது. பகா எண்களைத் தேடுவதற்காக எழுதப்பட்ட ‘பிரைம்95’ நிரலை ஓட்டியவர்கள், 14,942,209 என்ற அடுக்கைச் சோதிக்கும்போது இன்டெல்லின் ஸ்கைலேக் செயலிகள் உறைவதைக் கண்டார்கள். 2016 ஜனவரியில் இன்டெல் அதை ஒப்புக்கொண்டு பயாஸ் வழியாகத் திருத்தம் தந்தது.

2017-இல் வந்த ரைசன் செயலிகளில் விந்தையான ஒன்று நடந்தது. வேலை செய்யும்போது உறையாமல், யாரும் தொடாமல் சும்மா விட்டிருக்கும்போது உறைந்தன. ஓய்வில் செயலி ஆழ்ந்த உறக்கத்துக்குப் போய் மின்னோட்டத்தை மிகவும் குறைத்துக்கொள்ளும். அவ்வளவு சிறிய பளுவில் நிலையாக நிற்கச் சில மின்வழங்கிகளால் முடியவில்லை. பயாஸில் ‘பவர் சப்ளை ஐடில் கண்ட்ரோல்’ என்பதை ‘டிபிகல் கரண்ட் ஐடில்’ என்று மாற்றியதும் பலருக்குச் சரியானது.

இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகளில் 2024-இல் வெளிவந்த கோளாறு இதைவிடக் கடுமை. தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டு வாங்கிய செயலிகள் நாளடைவில் தேய்ந்து நிலைகுலைந்தன. ஆகஸ்டில் 0எக்ஸ்129 என்ற மைக்ரோகோடு திருத்தம் வந்தது. மதர்போர்டின் பயாஸைப் புதுப்பித்தால் அது சேரும். ஏற்கெனவே தேய்ந்த செயலியை எந்தத் திருத்தமும் மீட்காது என்பதால் பாதிக்கப்பட்ட வகைகளுக்கு உத்தரவாதக் காலத்தை இன்டெல் 2 ஆண்டு நீட்டியது. வாங்கிய ரசீதைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு, மாற்றித் தரக் கேட்க வேண்டியதுதான்.