எண்ணப்பட்ட பயணமும் எண்ணப்படாத பயணமும்: சென்னைப் போக்குவரத்துத் திட்டமிடல் குறித்த ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஒரு வட்டாரத்தில் வாழ்வோரின் வயது, பால், தொழில், வருவாய் ஆகியவற்றையும் அவர்களது அன்றாடப் பயண முறையையும் கணக்கிட்டு, அதற்கேற்பப் பேருந்துத் தடங்களையும் இருப்புப் பாதைகளையும் வகுப்பது போக்குவரத்துத் திட்டமிடலின் பொது நெறியாகும். மக்களின் பயணப் பழக்கம் திட்டத்திற்கு முன்பே நிலவுகிறது என்பது இந்நெறியின் உட்கிடை. சென்னையின் வரலாறு இதற்கு முழுமையாக இடம் தரவில்லை. பழக்கம் எனப்படுவது பெரும்பாலும் முந்தைய திட்டமொன்றின் விளைவு. அதில் எது எண்ணப்பட வேண்டும் என்பதும் எண்ணுவோர் முன்கூட்டியே முடிவு செய்வது. இக்கட்டுரை இக்கருத்தைச் சில சான்றுகளின்வழி ஆராய முற்படுகிறது.

பாதை வகுத்த பழக்கம்

1931-இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மீட்டர் பாதையில் மின்தொடர் வண்டிகள் ஓடத் தொடங்கின. ஜார்ஜ் டவுன் அலுவலகங்களில் பணிபுரிந்தோர் மாம்பலத்திலும் அதற்குத் தெற்கிலும் குடியிருப்பது இதனால் எளிதாயிற்று. காலையில் வடக்கு நோக்கியும் மாலையில் தெற்கு நோக்கியும் செல்லும் அலுவலகப் பயணி, நகரப் பயணியின் பொது உருவமாக நிலைபெற்றார். நகருக்குள் குறுந்தொலைவு செல்வோர்க்கு உதவிய டிராம் வண்டி 1953-இல் நின்றுபோனது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குதல் பயனுடையது.

இவ்வுருவத்தில் அடங்காதவர்களின் நிலையைக் கண்ணகி நகர் தெளிவாகக் காட்டுகிறது. 2000-ஆம் ஆண்டு முதல் நகரின் உட்பகுதிக் குடிசைகளில் வாழ்ந்த குடும்பங்கள் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் எழுந்த இக்குடியிருப்புக்கு மாற்றப்பட்டன. முன்பு வீட்டு வேலைக்கும் சிறு வணிகத்திற்கும் நடந்தே சென்ற பெண்கள் பலர். வீடு இடம் மாறியது. வேலை செய்த தெருக்கள் மாறவில்லை. சிலர் பேருந்தில் நெடுந்தொலைவு சென்றனர். சிலர் வேலையையே விட்டனர். இங்குக் கணக்கெடுப்பு நடத்தினால் பேருந்துப் பயணிகள் மிகுதி என்ற விடை கிடைக்கலாம். விடை சரியானதே. ஆனால் அதனைப் ‘பழக்கம்’ என்று பெயரிட்டு அடுத்த திட்டத்திற்கு அடிப்படையாக்குவது, குடிபெயர்ப்பின் சுமையை மக்களின் விருப்பமாகப் பதிவு செய்வதாகும். வேலையை விட்டவர்களோ அவ்விடையில் இடம்பெறுவதே இல்லை.

அட்டவணையின் எல்லை

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பணியிடத்திற்குச் செல்லும் தூரத்தையும் ஊர்தியையும் கேட்டறிந்தது. நடை, மிதிவண்டி, பேருந்து, தொடர்வண்டி எனப் பால்வாரியாகப் பிரித்துத் தரும் அட்டவணைகள் ஆய்வாளர்க்குப் பெருந்துணை. எனினும் இக்கேள்வி ‘பிற பணியாளர்’ என்ற வகையினரிடம் மட்டுமே கேட்கப்பட்டது. உழவர், வேளாண் கூலியாளர், வீட்டுத் தொழில் புரிவோர் ஆகியோர் இதில் சேரார். ஊதியமின்றி இல்லப் பணி செய்வோர்க்கும் இதில் இடமில்லை. குழந்தையைப் பள்ளியில் விடுதல், நியாயவிலைக் கடைக்குச் செல்லுதல், முதியவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுதல் ஆகியவை பணிப் பயணங்களாகக் கொள்ளப்படவில்லை.

அட்டவணையைப் படித்தபோது ‘பயணம் இல்லை’ என்னும் நிரலே கட்டுரையாளரைத் தடுத்து நிறுத்தியது. வீட்டு வாசலில் காய்கறிக் கடை வைத்திருக்கும் பெண்ணொருவரை எண்ணிப் பார்க்கலாம். விடியுமுன் கோயம்பேடு சென்று கூடைகளுடன் திரும்பினாலும் அவரது பணியிடம் வீடே. அவர் இந்நிரலில்தான் சேர்வார். கூடைக்கு இடம் தரும் பேருந்து வேண்டும் என்ற தேவை அங்கேயே மறைந்துவிடுகிறது.

கட்டணமில்லாச் சீட்டு

2021 மே மாதத்தில் தமிழக அரசு சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணத்தை நடைமுறைப்படுத்தியது. இதன் பொருளாதாரப் பயன் பரவலாகப் பேசப்பட்டது. வரலாற்று மாணவர்க்கு அதனினும் கருதத்தக்கது அப்பயணங்களுக்கென வழங்கப்பட்ட தனிச் சீட்டு. மானியக் கணக்கிற்காகத் தோன்றிய இச்சீட்டு, வேலை உண்டா இல்லையா என்று வினவாமல் பெண்களின் பயணத்தைப் பதிவு செய்கிறது. பணியாளர் என்ற தகுதியின்றியே ஒருவர் இங்குப் பயணியாகிறார்.

இச்சான்றிற்கும் குறைகள் உண்டு. இரு பேருந்துகள் மாறிச் செல்லும் ஒருவர் இரு பயணங்களாகப் பதிவாகிறார். சீட்டு, பயணத்தின் நோக்கத்தை உரைக்காது. பேருந்து வராததால் நடந்தவரையும் அறியாது. சாதாரணப் பேருந்து குறைவாக ஓடும் தடத்தில் மகளிர் எண்ணிக்கை குறைந்திருப்பின், அது தேவையின் குறைவா, வண்டியின் குறைவா என்பதைச் சீட்டுக் கணக்கு மட்டும் கொண்டு முடிவு செய்ய இயலாது. தடவாரியான சீட்டுக் கணக்கை அத்தடத்தில் ஓடிய நடைகளின் எண்ணிக்கையோடும், 2011 அட்டவணையில் அப்பகுதிக்குரிய ‘நடை’ நிரலோடும் ஒப்பிடும்போதே இவ்வினாவை அணுக முடியும்.