சென்னைக் கடற்கரைக் கட்டடங்களின் நிழற்படங்களும் படக்குறிப்புகளும்: பெயர்வழக்கு நோக்கு

1. முன்னுரை

கட்டடக் கலை வரலாற்றுக்கு நிழற்படம் முதன்மைச் சான்றுகளுள் ஒன்றாகும். எனினும் அது தனித்து நின்று சான்றாவதில்லை. இன்ன கட்டடம், இன்ன இடம், இன்ன காலம் என்பவற்றைப் பெரும்பாலும் படத்தின் கீழ் எழுதப்பட்ட குறிப்பே உணர்த்துகிறது. சென்னைக் கடற்கரையைக் காட்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படங்களின் குறிப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைந்தவை. அவற்றைத் தமிழாக்கும்போது குறிப்பிலுள்ள சொல்லைப் பெயர்ப்பதா, படத்திலுள்ள பொருளைப் பெயர்ப்பதா என்னும் வினா எழுகிறது. ராஜாஜி சாலை முதல் மெரினாவின் தென்கோடி வரையிலான பகுதியைக் களமாகக் கொண்டு இவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. புகைப்படம், நிழற்படம், ஒளிப்படம் என மூன்று சொற்கள் வழக்கிலிருப்பினும் இங்கு நிழற்படம் என்பதே சீராக ஆளப்படுகிறது.

2. தொடக்ககாலப் படங்கள்

1850களின் தொடக்கத்தில் பிரெடரிக் ஃபீபிக் என்பவர் சென்னையின் கட்டடங்களைப் படமெடுத்தார். கல்கத்தா, சென்னை, இலங்கை முதலிய இடங்களில் அவர் எடுத்த ஏறத்தாழ ஐந்நூறு படங்களைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1856இல் விலைக்கு வாங்கியது. அவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. காகித நெகட்டிவிலிருந்து படியெடுக்கும் கலோடைப் முறை அவருடையது. அம்முறையில் ஒளி பதிய நெடுநேரம் ஆகும். ஆகவே அசையாத கட்டடம் தெளிவாகப் பதிந்தது; அலையும் மனிதரும் படகும் மங்கின அல்லது மறைந்தன. கட்டடமே முதற்பொருளானதற்கு ஆட்சியாளரின் விருப்பம் மட்டுமன்றிக் கருவியின் இயல்பும் காரணம் எனலாம்.

ஃபீபிக்கின் படங்களுக்கு வண்ணம் கையால் தீட்டப்பட்டது. ஆகவே சுவரின் வடிவத்திற்கு அப்படம் சான்றாகும். சுவரின் நிறத்திற்குச் சான்றாகாது. படக்குறிப்பும் இத்தகையதே. ஒளி பதித்ததன்மேல் மற்றொரு கை ஏற்றியது அது. நிக்கலஸ், வீலே-கிளைன் ஆகிய சென்னை நிழற்பட நிலையங்களின் பிற்காலப் படங்களுக்கும் இது பொருந்தும்.

3. சொல் நிற்கப் பொருள் பெயர்தல்

சென்னையில் கலங்கரை விளக்கம் மூன்று முறை இடம் மாறியுள்ளது. முதலாவது 1796இல் கோட்டையினுள், இன்று அருங்காட்சியகமாக விளங்கும் கட்டடத்தின் மேல் அமைந்தது. இரண்டாவது 1844இல் ஒளியேற்றப்பட்ட கற்றூண். இது உயர்நீதிமன்ற வளாகத்தில் இன்றும் நிற்கிறது. மூன்றாவது, 1892இல் திறக்கப்பட்ட உயர்நீதிமன்றக் கட்டடத்தின் உயர்ந்த குவிமாடத்தில் 1894 முதல் இயங்கியது. நான்காவது 1977இல் மெரினாவில் எழுந்த கோபுரமாகும். ஆகவே 'லைட் ஹவுஸ்' என்னும் குறிப்பு, படத்தின் காலத்திற்கேற்ப நான்கு வெவ்வேறு கட்டடங்களைச் சுட்டக்கூடும். சிலப்பதிகாரத்திலேயே காணப்படும் 'கலங்கரை விளக்கம்' என்னும் தொடர் இதற்குச் செம்மையான தமிழாக்கமே. ஆயினும் இன்றைய வாசகர் அதனை மெரினாக் கோபுரமாகவே கொள்வர். சொல் சரியாகப் பெயர்க்கப்பட்டும் பொருள் தவறிவிடும்.

'கடற்கரை' என்னும் சொல்லும் இவ்வகையினது. ராஜாஜி சாலையின் பழைய ஆங்கிலப் பெயர் கடற்கரையின் முதல் வரிசை எனப் பொருள்படும். பழைய படங்களில் அச்சாலைக் கட்டடங்களின் எதிரே மணலும் கடலும் உள்ளன. 1876இல் துறைமுகப் பணி தொடங்கியது. 1881 நவம்பரில் வீசிய புயல் அதனைப் பெரிதும் சேதப்படுத்தியது. பின்னர் அது மீண்டும் கட்டப்பட்டது. துறைமுகம் இடையில் வந்தபின் அச்சாலை கடலை இழந்தது. சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தின் பெயரில் மட்டும் கடற்கரை எஞ்சியுள்ளது. மாறாக, துறைமுகச் சுவரின் தடுப்பால் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரிப்புற்றது. நீர்விளிம்புக்கும் கட்டடத்திற்கும் இடையிலுள்ள தொலைவே ஒரு படத்தின் காலத்தைக் கணிக்கத் துணைசெய்யும்.

4. பொருள் நிற்கப் பெயர் மாறுதல்

மேற்கூறியதற்கு எதிர்நிலையில் ஐஸ் ஹவுஸ் அமைகிறது. பாஸ்டன் நகர வணிகர் பிரெடரிக் டியூடர், கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் இதனைக் கட்டினார். பின்னர் வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் இதனை வாங்கிக் குடியிருப்பாக மாற்றிக் கர்னான் கோட்டை எனப் பெயரிட்டார். 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் இங்குத் தங்கினார். அவருடைய நூற்றாண்டான 1963இல் இது விவேகானந்தர் இல்லம் எனப் பெயர் பெற்றது. எனினும் அப்பகுதியும் காவல் நிலையமும் ஐஸ் ஹவுஸ் என்றே வழங்குகின்றன. 1870ஆம் ஆண்டுப் படமொன்றுக்கு 'விவேகானந்தர் இல்லம்' என்று மட்டும் குறிப்பெழுதுவது காலவழுவாகும். 'பனிக்கட்டி இல்லம்' என மொழிபெயர்ப்பதோ மக்கள் வாயில் என்றும் வழங்காத பெயரொன்றை வரலாற்றில் புகுத்துவதாகும்.

சேப்பாக்கம் அரண்மனை மற்றொரு சிக்கலைக் காட்டுகிறது. முகமது அலி வாலாஜாவுக்காக 1768இல் கட்டப்பட்ட இதன் இரு பகுதிகளுள் ஒன்று உமாயூன் மகால். மற்றொன்று கல்சா மகால், கலச மகால் என இருவடிவில் எழுதப்படுகிறது. கல்சா, அரசுக்கு நேரடியாக உரிய நிலத்தை அல்லது வருவாயைக் குறிக்கும் அரபு-பாரசீகச் சொல். கலசம் என எழுதினால் தமிழ் வாசகர் அதனைக் குவிமாட உச்சியோடு பொருத்திக் காண இடமுண்டு. இரு பகுதிகளுக்கும் இடையே கோபுரம் எழுப்பியவர், பல்கலைக்கழகச் செனட் மண்டபத்தை (1874–79) வடிவமைத்த ராபர்ட் சிஷோம். கடற்கரையிலிருந்து எடுத்த பழைய படங்களில் அரண்மனை முழுமையாகத் தெரிகிறது. இன்று அதன்முன் எழிலகம் என்னும் அரசு அலுவலகக் கட்டடம் நிற்கிறது. 2012 ஜனவரியில் கலச மகால் தீயினால் பெருஞ்சேதமுற்றுப் பின்னர்ப் புதுப்பிக்கப்பட்டது. எனினும் கடற்பக்கத்திலிருந்து அதனை நோக்கும் பழைய பார்வை இன்று படங்களில் மட்டுமே உள்ளது.

5. குறிப்பில் இடம்பெறாதவை

படத்தில் இருந்தும் குறிப்பில் இல்லாதவை மேலும் கருதத்தக்கன. கடற்கரைப் படங்களில் கட்டுமரங்களும் குடிசைகளும் தென்படுவதுண்டு. ஆங்கிலம் கட்டுமரம் என்னும் சொல்லைக் கடன்கொண்டது. ஆனால் அக்கட்டுமரத்திற்குரிய குப்பத்தின் பெயரைப் பொதுவாகக் குறிக்கவில்லை. படக்குறிப்பு கட்டடத்திற்கு உரியதாயிற்று, குப்பம் பின்புலமாயிற்று.

இக்குறை ஏட்டளவில் நிற்பதன்று. 1985இல் மெரினாவை அழகுபடுத்தும் திட்டத்தையொட்டிப் படகுகளை அகற்ற முற்பட்டபோது மீனவர் எதிர்த்தனர். 2023 ஏப்ரலில் நொச்சிக்குப்பம் இணைப்புச் சாலையோர மீன்கடைகள் அகற்றப்பட்டபோதும், அவ்விடம் தங்கள் வாழிடத்தின் பகுதி என்றே அவர்கள் வாதிட்டனர். நெடுங்கால இருப்பை நிறுவ வேண்டியோர்க்குப் பழைய படம் ஒரு சான்று. குறிப்பை மட்டும் தமிழாக்கிப் படத்தைப் படிக்காது விடும் மொழிபெயர்ப்பு அச்சான்றை மறைத்துவிடும்.

இக்காலக் கட்டடங்களுக்கும் இது பொருந்தும். கடற்கரைக் குப்பங்களில் அடுக்குமாடிகள் கட்டிய குடிசை மாற்று வாரியம் 1970இல் தோன்றியது. 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. எப்பெயரை எழுதுவது என்பது அங்கு வாழ்வோரை எவ்வாறு குறிப்பது என்பதுமாகும்.

6. முடிவுரை

இதுவரை கண்டவற்றால், படக்குறிப்பைத் தமிழாக்குவது தனிச்சொல் பெயர்ப்பாக அமைதல் போதாது என்பது பெறப்படும். மூலக்குறிப்பில் உள்ள பெயரை ஒலிபெயர்ப்பாக முதலில் தருதல் வேண்டும். அடுத்துப் படமெடுத்த காலத்துத் தமிழ் வழக்கும், இன்றைய பெயரும் தனித்தனியே தரப்படுதல் வேண்டும். படமெடுத்த ஆண்டும் குறிப்பெழுதிய ஆண்டும் வேறாயின் இரண்டும் சுட்டப்படுதல் நன்று. இவற்றோடு, குறிப்பு கூறாத ஆனால் படத்தில் காணும் படகு, குடிசை, மக்கள் ஆகியோரையும் ஒரு வரியில் பதிவுசெய்தல் இன்றியமையாதது. பெயர் மாறும், கட்டடம் இடியும், கடலும் விலகும். இம்மூன்றின் மாற்றத்தையும் ஒருங்கே வாசகர்முன் வைக்கவல்லது செம்மையாக எழுதப்பட்ட படக்குறிப்பேயாகும்.